நாடியில் வைத்த கை

2005ஆம் ஆண்டு, நவராத்திரி முடிவில் பள்ளிக்கூடத்தில் நடந்த வாணி விழாவில், எனது முதலாம் வகுப்புப் பிள்ளைகள் பதினான்கு பேர் மேடையேறி மழைப் பாட்டுப் பாடினார்கள். தொடங்குமுன் பதினான்கு பேரும் ஒன்றாக இடது கையைத் தூக்கி, விரல்களை மடித்து, வாய்க்குக் கீழே நாடியைப் பொத்திக்கொண்டார்கள். பாட்டு முடியும்வரை அந்தக் கைகள் இறங்கவேயில்லை. பல்வலிக்காரர் வரிசையில் நிற்பதுபோல இருக்கிறது என்று யாரோ சொல்ல, பாயில் இருந்த பெற்றோர் எல்லோரும் சிரித்தார்கள். அதிபர் என் பக்கம் திரும்பி, மழைக்கு ஏன் நாடியைப் பொத்துகிறார்கள், இது என்ன அபிநயம் என்று உண்மையாகவே விளங்காமல் கேட்டார். குளிருக்கு என்று சொல்லித் தப்பினேன்.

அது குளிருமில்லை, அபிநயமுமில்லை. அது நான். பத்தொன்பது வயதிலிருந்து எனக்கு நாடியிலும் மேலுதட்டிலும் மயிர் முளைத்தது. பூனைமயிர் என்று சொல்லிச் சமாளிக்கக்கூடிய மெல்லிய மயிர் அல்ல. ஆண்பிள்ளைகளுக்கு வருவதுபோலக் கறுத்த, தடித்த மயிர். பத்து வருடங்களாக யாரோடு பேசினாலும் சேலைத் தலைப்பை இடது கையில் சுருட்டி நாடியில் வைத்துக்கொண்டுதான் பேசினேன். கரும்பலகையில் எழுதியது வலது கை. இடது கைக்கு வேறு வேலை இருக்கவில்லை. பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போதும் கை அங்கேதான் இருந்திருக்கிறது. பாட்டென்றால் அப்படித்தான் பாடவேண்டும் என்று பிள்ளைகள் நினைத்துவிட்டார்கள்.

அப்போது நான் ஸ்கந்தபுரத்தில் அண்ணன் வீட்டில் இருந்தேன். இடம்பெயர்ந்து வந்து, குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்துகொண்டிருந்த குடும்பம். அண்ணனின் மனைவியை நான் மச்சாள் என்பேன், அவரும் என்னை மச்சாள் என்பார். அவர் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். சத்தமாகச் சிரிப்பார். சட்டி பானை அவர் கையில் அதிக நாள் தங்காது. பட்டம் பெற்ற ரீச்சரான எனக்கு அவரைப் பற்றி ஓர் இளக்காரம் இருந்தது. இதை இன்றைக்கு எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருந்தது.

விழா முடிந்து சைக்கிள்களை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியில், அன்று முழுவதும் சிரிக்காமல் இருந்த ஒரே ஆள் அவர்தான் என்பதைக் கவனித்தேன். ஒழுங்கை திரும்பும் முடக்கில் நின்று மெதுவாகச் சொன்னார்.

“பிள்ளையள் உங்களைப் பாத்துத்தான் செய்யுதுகள் மச்சாள். கோவிக்காதேங்கோ.”

கோபித்தேன். இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், செத்தல் மிளகாய் சுற்றிவந்த பழைய பேப்பர்த் துண்டொன்றை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். கொழும்பில் லேசர் ஒளியால் முகத்து மயிரை அகற்றுகிறார்கள் என்று பெண்கள் பக்கத்தில் எழுதியிருந்தது. மிளகாய் நெடியோடு அதை நாலைந்து தரம் வாசித்தேன். சண்டையால் பூட்டிக்கிடந்த பாதை திறந்து மூன்று வருடங்களுக்கு மேலாகியிருந்தது. ஓமந்தையில் இராணுவச் சோதனையை முடித்துவிட்டால் கொழும்பு ஒரு நாள் பயணம். அதுவரை இது என் மூளைக்கு எட்டவில்லை.

கொழும்பில் தாதியாக இருந்த ஒன்றுவிட்ட அக்காவுக்கு எழுதினேன். அவர் விசாரித்து நீளமான பதில் போட்டார். ஒரு தரத்தோடு முடியாது, மாதம் ஒன்றரை மாதத்துக்கு ஒரு தரம் என்று ஆறு தரமாவது போகவேண்டும். போவதற்கு ஆறு கிழமைக்கு, நாற்பது நாளுக்கு, முன்பிருந்தே மயிரைப் பிடுங்கவோ நூல் போட்டு எடுக்கவோ கூடாது. வேண்டுமானால் ரேசரால் வழிக்கலாம். முகத்துக்கு மஞ்சள் பூசக்கூடாது, வெயில் படக்கூடாது. இவ்வளவும் எழுதியவர், ஏன் என்று எழுதவில்லை. இரத்தம் சோதிக்கச் சாப்பிடாமல் வரச்சொல்வார்களே, அதுபோல ஓர் ஆஸ்பத்திரிச் சட்டம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆறு கிழமைகள் பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்காமல் விட்டுவைத்தேன். சின்னச் சாவணத்தை, பத்து வருடம் என்னோடு கூடப்பிறந்ததுபோல இருந்த அந்த இடுக்கியை, மச்சாளிடம் கொடுத்துவிட்டேன். ரேசர் என்ற பேச்சுக்கே இடமில்லை. பெண்ணின் முகத்தில் பிளேட் பட்டால் ஆண்பிள்ளைத் தாடியாகவே முளைத்துவிடும் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், பட்டதாரிக்கும் தெரியும். அதனால் பல்வலி என்று சொல்லித் தாடையைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். அதிபர் இரக்கப்பட்டுக் கராம்பு எண்ணெய் கொண்டுவந்து தந்தார்.

மச்சாளையும் கூட்டிக்கொண்டு புறப்படுவதற்கு முதல் நாள் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஓமந்தையில் பெண்களைத் தனிக் கொட்டிலில் வைத்து, அடையாள அட்டையையும் முகத்தையும் மாறிமாறிப் பார்ப்பார்கள். அட்டையில் இருந்தது பதினாறு வயதுப் படம். முகம் வழுவழுவென்று இருக்கும். இந்தத் தாடியோடு போய் நின்றால், சேலை கட்டிய ஆண் என்று நினைத்துத் தனியே கூட்டிக்கொண்டு போனால்? மச்சாள் குசினியில் பயணத்துக்குப் புட்டு அவித்துக்கொண்டிருந்த நேரம், அலுமாரிக்குள் அவர் ஒளித்துவைத்திருந்த சாவணத்தைத் தேடி எடுத்து, யன்னல் வெளிச்சத்தில் இருந்து ஒரு மயிர் மிச்சமில்லாமல் பிடுங்கி முடித்தேன். வழக்கம்போலச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டேன். மச்சாள் கவனிக்கவில்லை.

ஓமந்தைக் கொட்டிலில் இருந்த பெண் என் முகத்தை ஒரு தரம்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. அட்டையைத் திருப்பித் தந்துவிட்டு, மச்சாளின் பையிலிருந்த தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தலைத் திறந்து மணந்து பார்த்தாள். அவளுக்கு அதில்தான் சந்தேகம்.

அன்று பின்னேரமே கொழும்பில் டாக்டரைக் கண்டோம். அவர் ஒரு முஸ்லிம் அம்மா, அமைதியான தமிழ் பேசுபவர். விளக்கை என் முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து, பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டு, எப்போது பிடுங்கினீர்கள் என்று கேட்டார். நேற்று என்றேன். அவர் விளக்கை அணைத்தார். இந்த ஒளி மயிரின் கறுப்பைப் பிடித்துத்தான் உள்ளே இறங்கும், அந்தச் சூடு வேரைப் போய்ச் சேரவேண்டும், வேரோடு எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு வந்தால் ஒளிக்கு அங்கே வேலையில்லை என்று பொறுமையாக விளக்கினார். ஆறு கிழமை கழித்து வரச்சொன்னார். மச்சாள்தான் வாயைத் திறந்தார்.

“களைக்கு மருந்தடிக்கிறது மாதிரி. இலை நிண்டால்தானே மருந்து வேருக்குப் போகும். முதல் நாளே புல்லைப் பிடுங்கிப்போட்டு வெறும் வரம்புக்கு ஆரும் மருந்தடிப்பினமோ?”

டாக்டர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பட்டம் பெற்றவளுக்குக் கடிதத்தில் விளங்காததை வயலில் நின்றவர் ஒரே மூச்சில் விளங்கிக்கொண்டார். இனி வருகிறவர்களுக்கெல்லாம் இப்படியே சொல்லப்போகிறேன் என்று டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் அழுதேன். மச்சாள் ஒரு வார்த்தை திட்டவில்லை. இரண்டு பிள்ளைகளையும் அயல் வீட்டில் விட்டுவிட்டு, வயல் வேலை நேரத்தில் இரண்டு நாளை எனக்காகத் தொலைத்தவர். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இனி வரமாட்டேன் என்றேன். இன்னுமொரு தரம் ஆறு கிழமை தாடியோடு திரிய என்னால் முடியாது, பிளேட் வைக்கவும் மாட்டேன், இந்தக் கை இப்படியே இருக்கட்டும், பிள்ளைகளும் என்னைப் பார்த்து அப்படியே பாடட்டும் என்று வீம்பாகச் சொன்னேன். பிளேட் பட்டால் மயிர் கூடுதலாக முளைக்காது என்று டாக்டர் அடித்துச் சொல்லியிருந்தார், நான் நம்பவில்லை. முறிகண்டியில் பஸ் நின்றபோது மச்சாள் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, சுடச்சுடக் கச்சான் கடலை வாங்கிவந்து என் மடியில் வைத்தார்.

அடுத்த நாள் காலை, அண்ணன் வயலுக்குப் போனபின், குசினிக்குள்ளிருந்து என்னைக் கூப்பிட்டார். கதிரையில் கண்ணாடியைச் சாய்த்து வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு கோப்பைத் தண்ணீர், சவர்க்காரம், அண்ணனின் ரேசர். எனக்குத்தான் என்று நினைத்து வாசலிலேயே நின்றேன். அவர் என்னைக் கவனிக்காமல் சவர்க்காரத்தை நுரைக்க வைத்துத் தன் முகத்தில் பூசினார். பிறகு ரேசரை எடுத்துத் தன் கன்னத்தை வழித்தார். மேலுதட்டை வழித்தார். நாடியை உயர்த்தி அதையும் வழித்தார். பூனைமயிரைத் தவிர ஒரு மயிருமில்லாத முகம் அது. எங்கள் ஊரில் அந்த முகத்தின் அழகைப் பற்றிச் சொல்லாத பெண்கள் இல்லை. காதுக்குக் கீழே சின்னதாக ஒரு வெட்டு விழுந்து இரத்தம் கசிந்தது. தலைப்பால் ஒற்றிக்கொண்டு திரும்பினார்.

“முளைச்சால் ரெண்டு பேருமாக் கொழும்புக்குப் போவம். முளைக்காட்டில் நீங்கள் இதில வந்து இருக்கோணும்.”

நான் கோப்பைத் தண்ணீரை எடுத்துப்போய் முற்றத்தில் ஊற்றினேன்.

அதன்பிறகு ஒவ்வொரு நாள் காலையும் கிணற்றடி வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கிழமை போனது. இரண்டு கிழமை போனது. இருந்த பூனைமயிர் இருந்தபடி வந்தது; அவ்வளவுதான். இதற்கிடையில் அண்ணன் தன் ரேசர் மொட்டையாகிவிட்டது, கீறுகிறது என்று புறுபுறுத்தார். மனைவியின் முகம் பளபளப்பதைக் கண்டு, என்ன புதுச் சவர்க்காரமோ என்றும் கேட்டார். ஓம் என்றார் மச்சாள். இரண்டும் ஒரே விஷயம் என்று அண்ணனுக்குக் கடைசிவரை தெரியாது.

மூன்றாம் கிழமை நான் கேட்டேன், பிளேட் பட்டால் முளைக்காது என்று உங்களுக்கு முதலே தெரியுமா என்று. தெரியுமென்று சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

“எனக்கெப்பிடித் தெரியும்? நானும் முளைக்கும் எண்டுதான் நினைச்சனான்.”

சொல்லிவிட்டு அரிசி கொழிக்கத் தொடங்கினார். முளைக்கும் என்று நம்பிக்கொண்டே தன் முகத்தில் பிளேட் வைத்த பெண்ணை நான் அதற்குமுன் கண்டதில்லை, பிறகும் கண்டதில்லை. படித்தவர்கள் எத்தனையோ பேரை வியந்திருக்கிறேன். இவரை வியந்த அளவுக்கு ஒருவரையும் வியந்ததில்லை.

அடுத்த காலை நானாகவே போய்க் கதிரைக்கு முன்னால் இருந்தேன். இருந்தபிறகும் இடது கை நாடியை விட்டு இறங்க மறுத்தது. மச்சாள் ரேசரோடு காத்துக்கொண்டு நின்றார்.

“கையை எடுங்கோ மச்சாள்.”

எடுத்தேன். பத்து வருடத்தில் என் நாடியில் இன்னொருவரின் விரல் பட்டது அன்றைக்குத்தான். சட்டி உடைக்கும் அந்தக் கை, தோலை மெல்ல இழுத்துப் பிடித்து, மயிர் சாய்ந்த பக்கமாகவே வழித்தது. ஒரு கீறல் விழவில்லை. அன்றிலிருந்து மூன்று நாளைக்கொரு காலை, பிள்ளைகள் எழும்புமுன், குசினியில் எங்களுக்கு இது ஒரு வழக்கமானது. பல்வலித் துணி கழன்றது. அதிபரின் கராம்பு எண்ணெய்தான் வேலை செய்தது என்று பள்ளிக்கூடத்தில் பேச்சு.

2006 தையில் மறுபடி போனோம். மச்சாள் இந்த முறை முறிகண்டியில் தேங்காய் உடைத்தார். மீசை தாடி இல்லாத கடவுளுக்கு இந்த வில்லங்கம் விளங்குமோ தெரியாது, எதற்கும் சொல்லிவைப்போம் என்றார். டாக்டர் முதலில் தாடையோரத்தில் ஓர் இடத்தில் மட்டும் சுட்டுப் பார்த்துவிட்டு, எங்களைப்போன்ற கறுத்த தோலுக்கு அவசரப்படக்கூடாது, தோல் தாங்குகிறதா என்று பார்க்கவேண்டும் என்று அடுத்த நாள் வரை காத்திருக்க வைத்தார். தாதி அக்கா வீட்டில் தங்கினோம்.

அடுத்த நாள் கண்ணுக்குக் கறுத்த மூடி போட்டார்கள். குளிர்ந்த களி ஒன்றைப் பூசினார்கள். பிறகு ரப்பர் வளையத்தை இழுத்துத் தோலில் விட்டதுபோலச் சுள்ளென்று ஓர் அடி, உடனே அடுத்தது. நாடியில் தாங்கலாம். மேலுதட்டில் கண்ணீர் தானாக வழிந்தது. கோழியை உரித்து நெருப்பில் வாட்டும்போது வருமே, அந்த மணம் வந்தது. அது என் தாடி எரிகிற மணம் என்று விளங்கியதும் எனக்கு வலி மறந்து சந்தோஷம் வந்தது. கால் மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. இதற்காகவா இவ்வளவு காலம் என்று இருந்தது. முகம் சிவந்து சின்னச் சின்னப் பருக்களாகத் தடித்திருந்தது. இரண்டு நாளில் அடங்கும் என்றார் டாக்டர். முழுவதும் போய்விடும் என்று வாக்குத் தரமாட்டேன், குறையும், மெலியும், சில திரும்பி வரும், இது உடம்புக்குள் சுரப்பதன் குழப்பம், அதற்கு மாத்திரையும் வேண்டும் என்று ஒளிக்காமல் சொன்னார். நான் கேட்க விரும்பியது அதுவல்ல. ஆனால் அப்படிச் சொன்னதால்தான் அவரை நம்பினேன்.

மச்சாள் தாதி அக்காவின் கடிதத்தைக் குசினியில் தேயிலைத் தகரப் பேணிக்குள் வைத்து, மனப்பாடமே செய்துவிட்டார். மஞ்சளை என் கண்ணில் படாத இடத்தில் வைத்தார். வளவில் நின்ற கற்றாழையைச் சீவிப் பூசினார். வெயில் படக்கூடாதென்று அண்ணனைக் கொண்டு என் சைக்கிள் கைபிடியில் குடையொன்றைக் கம்பியால் கட்டுவித்தார். காற்றடித்தால் குடை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நான் வருவதைப் பிள்ளைகள் அரை மைலுக்கு முன்பே கண்டு கத்தத் தொடங்கிவிடுவார்கள். பத்தாம் நாள், மயிர் மறுபடி வெளியே வருகிறது, எல்லாம் வீண் என்று நான் கத்தினேன். மச்சாள் விரலால் ஒன்றைத் தொட்டு இழுத்தார். ஈரமண்ணில் நின்ற பயிர்போல நோகாமல் கையோடு வந்தது. வருவதில்லை, விழுகிறது என்றார். கடிதத்தில் அதுவும் இருந்ததாம். நான்தான் மறந்துவிட்டேன்.

பங்குனியில் ஒரு தரம், சித்திரை முடிய ஒரு தரம், ஆனியில் ஒரு தரம். ஒவ்வொரு முறையும் ஓமந்தையில் ஊறுகாய் மணக்கப்பட்டது. நான்காம் தரத்துக்குப் பிறகு கன்னம் இரண்டும் துப்புரவு. மேலுதட்டில் மெல்லிய நிழல் மட்டும். நாடியில்தான் அங்குமிங்குமாக ஒரு பிடி நின்றது. இன்னும் இரண்டு தரம், பிறகு வருடத்துக்கு ஒன்று என்றார் டாக்டர். ஆறும் முடியட்டும், அன்றைக்குக் கையை எடுக்கிறேன், அந்த வருடப் பிள்ளைகளாவது கையை இறக்கிப் பாடட்டும் என்று எனக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

ஆவணியில் மறுபடி சண்டை தொடங்கிப் பாதை பூட்டப்பட்டது. ஐந்தாம் தரத்துக்குப் போக ஒரு கிழமை இருந்தது. ஊறுகாய்ப் போத்தல் பையில் வைத்தபடியே இருந்தது. ஊரெல்லாம் எத்தனையோ பெரிய கவலைகளில் இருந்தபோது நான் நாடி மயிருக்காக அழுதேன். அழுதேன் என்பதை மறைக்கமாட்டேன். முடியாத காரியம் முடியாததுதான், வாணி விழாவுக்கு இந்த வருடப் பிள்ளைகளையும் ஊர் சிரிக்கக் கொடுக்கப்போகிறேன் என்று மச்சாளிடம் சொன்னேன். பொருட்கள் வருவது குறைந்து, கடையில் பிளேட் கிடைக்காமல் போகத் தொடங்கியபோது, அண்ணன் தாடி வளர்த்தால் நல்லாயிருக்கும் என்று மச்சாளுக்குத் திடீரென்று தோன்றியது. அண்ணன் வளர்த்தார். மிஞ்சிய பிளேட்டெல்லாம் எனக்கு வந்தது.

அந்த வருட விழாவைப் பகலிலேயே, சுருக்கமாக வைத்தார்கள். மேடை என்று சொல்ல நாலு மேசைதான். புது முதலாம் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேர் ஏறினார்கள். அதே மழைப் பாட்டு. நான் ஓரத்தில் நின்றேன். வகுப்பில் என் கை எங்கே இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை. நாடியில்தான் என்று நினைத்தேன். பத்து வருடப் பழக்கம் வேறெங்கே போகும்? அதிபர் முதல் வரிசையில் இருந்தார்.

பிள்ளைகள் பாடத் தொடங்கினார்கள். பதினொரு பேரின் இரண்டு கைகளும் கீழே தொங்கின. ஒருவன் மட்டும் காதைச் சொறிந்தான். பாட்டு முடியும்வரை ஒரு கை நாடிப் பக்கம் போகவில்லை. இந்தப் பிள்ளைகள் பள்ளி வருடம் தொடங்கிய தையிலிருந்து என்னைத்தான் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டு இருந்தவர்கள். என் கை எப்போது இறங்கியது என்று எனக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரிந்திருந்தது. குனிந்து பார்த்தேன். இடது கை வெறுமனே பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நாடியில் அந்த ஒரு பிடி மயிர் அன்றைக்கும் நின்றது.

கைதட்டும் சத்தத்துக்குள் மச்சாளைத் தேடினேன். இரண்டாம் வரிசைப் பாயில், சின்னவனை மடியில் வைத்தபடி இருந்தார். எப்போதும் முதலில் கைதட்டுகிறவர் அன்றைக்குத் தட்டவில்லை. தலைப்பைச் சுருட்டி வாயையும் நாடியையும் இடது கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார். நான் சனத்துக்குள்ளால் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

“கையை எடுங்கோ மச்சாள்” என்றேன்.